உள்ளே வரச் சொல்லும் உரிமை

சமரச மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேசினால் குரல் உடைந்துவிடும் என்று பயந்து எழுதித் தருகிறேன். நான் முடித்து வைத்த தகராறுகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்தபோது அவற்றில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. பழைய மரக்கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டும் சத்தம். எங்கள் வீட்டில் யாராவது குளியலறைக் கதவைத் தட்டினால்கூட நான் இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

தூத்துக்குடியில் இலவச சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் குடும்பத் தகராறுகளுக்குச் சமரசம் பேசுவது என் வேலையாக இருந்தது. அதோடு, உங்களைப் போல வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுப்பேன். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உலக ஒப்பந்தத்தைப் பற்றியது அந்த வகுப்பு. நம் நாடும் அதில் சேர்ந்திருக்கிறது. சேரும்போதே ஓர் அறிவிப்பையும் கூடக் கொடுத்தது. திருமணம், குடும்பம் பற்றிய பிரிவுகளில், எந்தச் சமூகத்தின் சொந்த விஷயங்களிலும் அந்தச் சமூகமே முன்வந்து சம்மதிக்காமல் அரசு தலையிடாது என்ற கொள்கைக்கு உட்பட்டே நடப்போம் என்பது அதன் சாரம். மதச் சட்டத்தைக் காட்டி இப்படி விலக்குக் கேட்ட நாடுகள் பல உண்டு. எங்கள் பக்கத்து இந்துக் கடைக்காரக் குடும்பங்களுக்கும், கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கும், காயல்பட்டினத்து முஸ்லிம்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரி.

ஆண்டுக்கணக்கில் அந்த வரியைப் பலகையில் எழுதியிருக்கிறேன். 'சமூகம்' என்று எழுதும்போதெல்லாம் என் மனதில் ஒரு படம் வரும். ஒரு பெரிய மேசை. அதைச் சுற்றிச் சில ஆண்கள். நடுவில் தண்ணீர்ச் செம்பு. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு மனு வந்தது. கொடுத்தவர் மீரான். நாற்பத்தைந்து வயதிருக்கும். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருந்தவர். வேலை போய் ஊர் திரும்பியிருந்தார். அவருக்கு ஒரு தம்பி, ரியாத்தில். ஒரு தங்கை, சுலைகா. தாயார் இருக்கிறார், நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சுலைகா தாயாரோடும் கல்லூரி போகும் தன் மகளோடும் குடும்ப வீட்டில் இருந்தார். அவர் கணவருக்குக் கப்பலில் வேலை.

தகராறு அந்த வீட்டைப் பற்றியது. காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகன்கள் தங்கள் மனைவிமார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுலைகாவின் கல்யாண நாளில் தாயார் இந்த வீட்டை அவருக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டார். முஸ்லிம்களின் மார்க்கச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஹிபா என்பார்கள். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்க வேண்டும், சொத்து உண்மையாகவே கைமாற வேண்டும். பத்திரம் தேவையில்லை. சுலைகாவிடமும் பத்திரம் இல்லை. பட்டா தாயார் பெயரிலேயே இருந்தது.

மீரான் கேட்டது இதுதான்: அப்படி ஒரு தானம் நடக்கவே இல்லை என்று சுலைகா ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், தாயார் காலத்துக்குப் பிறகு மார்க்கச் சட்டப்படி பாகப்பிரிவினை. மகன்களுக்கு இரண்டிரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. வீட்டை விற்றுத்தான் பிரிக்க முடியும். சுலைகாவும் அவர் மகளும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே மேசையில் கையை விரித்துச் சொன்னார்.

"மேடம், எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைய. எங்க ஊருல வீடு இல்லாம ஒரு புள்ளையக் கூடக் கரையேத்த முடியாது. ஒண்ணுக்கே வழியில்ல, ரெண்டுக்கு நான் எங்கன போவேன்?"

மகள்களுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற அதே வழக்கத்துக்காகத் தங்கையின் வீட்டைக் கேட்டார். அவருக்கே அது தெரிந்திருந்தது. அதனால்தான் மார்க்கச் சட்டம் என்ற சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் என்று தோன்றியது. நான் வழக்கத்தைப் பற்றிக் கேட்டதும் அலைபேசியை எடுத்து நீட்டினார். நான் பலகையில் எழுதும் அதே வரி.

"இத யாரு எழுதிக் குடுத்தது? கவர்மெண்டுதானே? எங்க விசயத்துல தலையிட மாட்டோம்னு உலகத்துக்கே சொல்லிட்டு, இப்ப எங்க உம்மா எங்க தங்கச்சிக்கு என்ன குடுத்தாங்கன்னு கேக்குதீங்க."

என் மேலதிகாரி நல்ல மனிதர். பெயர் வேண்டாம். அவரும் அதையேதான் சொன்னார். "ஏம்மா, அரசாங்கமே கை வைக்காத எடத்துல நீ ஏன் போயி வைக்க? அண்ணனும் தங்கச்சியும் ஒத்துப் போறாங்க. கையெழுத்த வாங்கு, ஃபைல மூடு."

ஒத்துப் போகிறார்கள் என்பது உண்மை. சுலைகா எதையும் எதிர்க்கவில்லை. இந்த இடத்தில் என் முதல் எச்சரிக்கை: தோற்கப் போகிறவர் சண்டை போடாமல் சரி சரி என்றால், அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

போனேன். அலுவலகக் கோப்பில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. இரண்டு வரிசை வீடுகளின் பின்வாசல்களுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய சந்து. முடுக்கு என்பார்கள். பெண்கள் நடப்பதற்கான பாதை. உறவு வீட்டுக்கு, சாவு நடந்த மையித்து வீட்டுக்கு, ஓதும் இடத்துக்கு எல்லாம் அதன் வழியாகவே போய் வருவார்கள். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. இரு பக்கமும் உயரமான சிப்பிச் சுண்ணாம்புச் சுவர்கள். கதவுகள் பாதி சாத்தியிருக்கும். யாரும் கண்ணில் பட மாட்டார்கள். ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு கதவருகிலும் பேச்சு நின்று, நான் தாண்டியதும் தொடரும்.

சுலைகா என்னைப் பின்கூடத்தில் பாயில் உட்கார வைத்தார். வெயில் தாழ்ந்துவிட்டது. பங்குக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முடுக்குக் கதவு தட்டப்பட்டது.

"வாங்க உம்மா, உள்ள வாங்க," என்றார் சுலைகா, என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு வயதான பெண் தலையைக் குனிந்து நுழைந்தார். வாசலை ஒட்டிப் பாயின் ஓரத்தில், எழுந்து போகத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்தார். சுவரை, தூணை, மேலே ஓட்டை எல்லாம் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

"நல்ல வீடு," என்றார். "பரக்கத்தான வீடு. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

சுலைகா செம்பைக் கொடுத்தார். குடித்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சுலைகாவின் தாயார் அவர். அவர் பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்ற வீடு அது. கொஞ்ச நேரத்துக்கு முன் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தவர் அவர்தான். இந்தப் பக்கமாக எழுந்து போனதை நான்தான் கவனிக்கவில்லை.

"தெனமும் இப்படித்தான்," என்றார் சுலைகா. "பொழுது சாயும்போது, மஃரிப் பாங்குக்கு முன்னால எந்திரிச்சி முடுக்குக்குப் போவாங்க. கதவச் சாத்துவாங்க. தட்டுவாங்க. நான் கூப்பிட்டாத்தான் உள்ள வருவாங்க."

"நீங்க கூப்பிடலன்னா?"

"அப்படி ஒரு நாளும் ஆனதில்ல மேடம்."

பிறகு கல்யாண நாளைப் பற்றிச் சொன்னார். தானம் செல்லுபடியாக வேண்டுமென்றால் கொடுத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று தாயார் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். போவதற்கு வேறு இடமில்லை. அதனால் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு முடுக்கு வாசல் வழியாக வெளியேறி, கதவைச் சாத்தி, வெளியே நின்று தட்டினார். கல்யாணப் பெண் எழுந்து வந்து, "வாங்க உம்மா, உள்ள வாங்க" என்றதும் விருந்தாளியாக உள்ளே வந்தார். அன்றிலிருந்து மகள் வீட்டில் இருக்கும் தாய் அவர். சட்டம் கேட்ட மூன்றாவது காரியத்தை, கைமாற்றுவதை, எந்த வக்கீலும் சொல்லிக்கொடுக்காமல் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். ஆனால் அதைச் செய்த இடம் முடுக்கு. பார்த்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஓர் ஆண் சாட்சிகூட நிற்க முடியாத இடத்தில் தன் வீட்டைக் கொடுத்துவிட்டார்.

மீரானிடம் கேட்டபோது, "கல்யாண வீட்டுல பொம்பளைய எதையாவது வெளையாடுவாங்க. எந்த ஆம்பளை பாத்தான்?" என்றார். நீதிமன்றத்தில் பெண் சாட்சிக்கும் அதே மதிப்புதான் என்றேன். "சரி, கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிவர முயன்றேன். முடுக்கில் கதவு கதவாகப் போய்க் கேட்டேன். "எங்க வீட்டு ஆம்பளைகளக் கேளுங்க" என்றன குரல்கள். ஒரு கதவு நான் போகும் முன்பே சாத்திக்கொண்டது. ஜமாத்தில் விசாரித்தேன். "அண்ணன் தங்கச்சி பேசித் தீத்துக்கிட்டா நல்லது" என்றார்கள். ஒரு பக்கம், நாங்கள் தலையிடுவதில்லை என்று அரசு. மறுபக்கம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர். நடுவில் அந்தக் கதவு.

என் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் நகை போட்டு அனுப்பிவிட்டால் மகளின் கதை முடிந்தது. சட்டம் சம பங்கு என்று சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது; கல்யாணத்துக்கு முன் மகளிடம், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் போகவில்லை. என் கணவர் அந்தப் பேச்சை எடுத்திருந்தார். "அவளே சரிங்கா" என்றார். மகளும் சரி என்றுதான் சொன்னாள். சுலைகா சொல்வது போலவே, தலையைத் தூக்காமல். அதற்குப் பிறகு சரி என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் மறுபடி காயல்பட்டினம் போனேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒப்பந்தத்தை அலுவலகத்தில் வைத்து வாசித்துக் காட்ட மாட்டேன். அது யாருடைய வாழ்க்கையை மாற்றப் போகிறதோ அவர் வாழும் இடத்தில் வைத்து, சத்தமாக வாசிப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். சொற்கள் எங்கே இடிக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

மழைக்காலம். மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்து பெய்யத் தொடங்கியது. கரண்ட் போய்விட்டது. பின்கூடத்தில் ஓர் அவசர விளக்கை வைத்திருந்தார்கள். மீரான் நாற்காலியில் இருந்தார். என்னை வரச் சொன்னதும், பஸ் நிற்கும் ஆத்தூர் முக்கில் வந்து அழைத்துப்போனதும் அவர்தான். சுலைகா உள்வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன்.

"இந்த வீடு என் தாயாருக்குச் சொந்தமானது. இது எனக்கு எக்காலத்திலும் கொடுக்கப்படவில்லை."

"சரி," என்றார் சுலைகா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சரிதான் மேடம். காக்கா புள்ளைய ரெண்டும் வீட்டுக்காகக் காத்துக் கெடக்குதுவ. நான் பெரிசா எதுத்து நிக்கல."

அவர் காக்கா என்று சொன்ன அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஃரிப்புக்கு நேரமாகியிருந்தது. அப்போது முடுக்குக் கதவு தட்டப்பட்டது.

வழக்கமான தட்டல்தான். தாயார் எங்களைத் தாண்டி முடுக்குக்குப் போனதை அந்த மங்கல் வெளிச்சத்தில் யாரும் கவனிக்கவில்லை. சுலைகாவின் வாய் தானாகத் திறந்ததைப் பார்த்தேன். குரல் வரவில்லை. கையை வைத்து வாயை மூடிக்கொண்டார். மறுபடி தட்டல். மழைச் சத்தத்துக்கு மேலே அது எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"ஏளா, உம்மா தட்டுது. கூப்பிடேன்," என்றார் மீரான்.

"எப்படிக் கூப்பிட காக்கா? இப்பத்தானே வாசிச்சாங்க. எனக்குக் குடுக்கலங்கிறதுக்குச் சரின்னு சொன்னேன். அதே வாயால வாங்கன்னு கூப்பிட்டா, ரெண்டுல ஒண்ணு பொய்யாயிரும். நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவ நான்."

"பைத்தியமா ஒனக்கு? மழை கொட்டுது!"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். முடுக்கில் குடை பிடித்துப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, தலையை மட்டும் சாய்த்துக் கூப்பிட்டார்.

"உம்மா, உள்ள வா உம்மா. நனையிதே."

"யாரு தம்பி அது?" தாயாரின் குரல் சாதாரணமாக, மரியாதையாக இருந்தது. "வீட்டுக்காரி இல்லையா?"

"நான் மீரான் உம்மா. ஒம் மவன்."

"இருக்கட்டும் வாப்பா. நல்லா இரு. ஆனா வீட்டுக்காரிதானே வரச் சொல்லணும்? நான் நிக்கேன், ஒண்ணும் அவசரமில்ல."

பெண் என்பதால் நான் முடுக்கில் இறங்கலாம். இறங்கினேன். துப்பட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தேன்; நனைந்த மரம் போலச் சில்லென்று, அசைக்க முடியாமல் இருந்தது. "உள்ள போவோம், வாங்க" என்றேன். அவர் என் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நீ உள்ள இருந்துதானே வாரே கண்ணு? ஒன்ன அவ கூப்பிட்டாளா?"

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன்.

அதற்குள் எதிர்க் கதவிலிருந்து ஒரு குரல்: "மாமி, இங்கன வாங்க. நம்ம வீட்டுக்கு வாங்க." அடுத்த கதவிலிருந்து இன்னொன்று. "லாத்தா, நனையாதிய. இந்தாங்க, கதவு தெறந்திருக்கு." அதற்கடுத்தது. முடுக்கு நெடுக, இருட்டுக்குள்ளிருந்து, முகம் தெரியாமல், ஒவ்வொரு வீடும் அவரைக் கூப்பிட்டது. அவர் ஒவ்வொரு பக்கமும் திரும்பித் தலையசைத்தார். "இன்னொரு நாளைக்கு வாரேன்மா" என்றார். பிறகு தன் கதவுக்குத் திரும்பி மறுபடி தட்டினார். திறந்து கிடந்த கதவை.

நான் உள்ளே ஓடி வந்தேன். "சுலைகா, கூப்பிடுங்க. சும்மா ஒரு வார்த்தைதானே" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். அது சும்மா ஒரு வார்த்தை இல்லை என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே நிற்பவருக்கும் தெரியும். அதைச் சும்மா என்று நான் சொன்னால் அந்தத் தானத்தை நானே விளையாட்டாக்கியவள் ஆவேன். உன் வீடுதான், கூப்பிடு என்று சொன்னாலோ, அரசாங்கம் சொல்லிக் கிடைத்த வீடாகிவிடும். நாளைக்கு மீரான் ஊர் முன்னால் அதையே சொல்லி மறுக்கலாம்.

பாயில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் நான் செய்தவற்றிலேயே கொடுமையானது அதுதான்.

"மேடம், நீங்க சொல்லுங்களேன் அவகிட்ட," என்றார் மீரான்.

"நான் சொல்லக் கூடாது மீரான் பாய்."

"உம்மாக்கு ஏதாச்சும் ஆயிரும்!"

"தெரியும்."

சுலைகா அழவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் உடம்பு குலுங்க உட்கார்ந்திருந்தார். தூரத்தில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். தட்டல் நின்றது.

நின்றதுதான் பயங்கரம். அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல் இருந்தோம். இப்போது மூன்று பேரும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மீரான் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். தாயார் விழுந்துவிடவில்லை. தட்டுவதற்காக ஓங்கிய கை அந்தரத்திலேயே நிற்க, கண்ணைச் சிமிட்டாமல், வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் கண்ணுக்குள் போனது. அப்போதும் சிமிட்டவில்லை.

மீரான் கதவைப் பிடித்துக்கொண்டார். நிலைக்கல் ஓரமாக அப்படியே உட்கார்ந்தார்.

"கூப்பிடுளா," என்றார். "ஒன் வீடுதான். நீ கூப்பிடு."

"மனசறிஞ்சு சொல்லுங்க காக்கா."

"ஒன் வீடுதாம்ளா! எனக்குத் தெரியாதா? அன்னைக்கி முன்கூடத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோட உக்காந்திருந்தேன். பாக்கலதான். ஆனா நீ கூப்பிட்டது கேட்டுச்சு. என் காதுல கேட்டுச்சு."

சுலைகா எழுந்து நின்றார்.

"வாங்க உம்மா. உள்ள வாங்க."

ஓங்கியிருந்த கை இறங்கியது. தாயார் நிலைக்கு முன் தலையைக் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். வழக்கம் போலப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுலைகா துண்டை எடுத்துவந்து தலையைத் துவட்டினார். தாயாரின் கண் நிலைக்கல்லில் குறுகிக் கிடந்த மகன் மேல் விழுந்தது.

"அந்தப் புள்ள ஏம்மா அழுவுது?" என்று சுலைகாவிடம் மெல்லக் கேட்டார். "பசியோ என்னமோ. ஒன் வீட்டுல சோறு இருந்தா வையி."

மறுநாள் மீரான் அலுவலகத்துக்கு வந்து, தானம் நடந்தது உண்மை, அதில் தனக்கு ஆட்சேபமில்லை என்று தானே சொல்லி எழுதிக் கொடுத்தார். தம்பியும் அலைபேசியில் ஒத்துக்கொண்டார். மகள்களைப் பற்றிய மீரானின் கவலை அப்படியேதான் இருந்தது. அதை நான் தீர்த்து வைத்ததாக நினைக்க வேண்டாம். தாயாருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்து எழுந்தார். மேலதிகாரி என்ன நடந்தது என்று கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லல சார்" என்றேன். அது உண்மை. அந்த உண்மைதான் என்னை உறுத்துகிறது. மீரான் வாய் திறந்திருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் அந்தத் தாயாரை மழையில் நிற்க விட்டிருப்பேன்? தெரியவில்லை. என் மகளும் இதைக் கேட்டாள். அவளிடமும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அடுத்த ஆண்டே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பேசுவதற்கு முன், அது யார் வாயிலிருந்து வர வேண்டிய சொல் என்று மட்டும் பாருங்கள்.

அந்த மழை நாள் இரவு நான் கிளம்பியபோது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மழை விட்டிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. சுலைகா என்னை முடுக்கு வாசல் வழியாக வழியனுப்பினார். அலைபேசியில் சார்ஜ் தீர்ந்து அதன் வெளிச்சமும் போய்விட்டது. இருட்டில் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். சிப்பிச் சுவர் ஈரமாக, உயிருள்ளது போலச் சில்லென்று இருந்தது. முன்பு போலவே ஒவ்வொரு கதவருகிலும் பேச்சு நின்றது. ஆனால் நான் தாண்டிய பிறகும் தொடரவில்லை. அடியெடுத்து வைக்கவே பயமாக இருந்தது.

இடப்பக்கத்துக் கதவுக்குள்ளிருந்து, என் காதுக்கு வெகு அருகில், ஒரு குரல் சொன்னது:

"நான் கதீஜா. அன்னைக்கி சுலைகா உம்மா மூட்டையோட வெளிய வந்தத நான் பாத்தேன். எழுதிக்கிடுங்க."

திரும்பினேன். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே இருட்டுதான் தெரிந்தது.

"நான் செய்யது பாத்திமா," என்றது வலப்பக்கம். "பாத்தேன். எழுதிக்கிடுங்க."

"நூர்ஜஹான். அப்ப சின்னப் புள்ள நான். அவங்க தட்டுறப்ப மூட்டைய நாந்தான் தூக்கிட்டு நின்னேன்."

"என் பேரு மரியம். எழுதிக்கிடுங்க மேடம்."

எழுத வெளிச்சமில்லை. காகிதமெல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. நான் கேட்காமலே ஒவ்வொரு கதவாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. சில குரல்களில் நடுக்கம் இருந்தது. சில எரிச்சலோடு வந்தன. ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்தது. ஒரு பெயரையும் விட்டுவிடக் கூடாது என்று பயந்து, கேட்ட பெயர்களை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்துக்கொண்டு, முடுக்கு முடியும் இடம் வரை நடந்தேன்.